பிளாட்டினம் எவ்வளவு பெறும்? நகரத்துச் சொகுசு ஹோட்டல்களை ஒப்பிடப் புதியவர்களுக்கு ஒரு கணக்கு

பெரிய ஹோட்டல்களில் தங்க ஆரம்பித்த புதிதில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஹோட்டல் குழுமத்தில் உறுப்பினராகச் சேரலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். எல்லாவற்றிலும் சேருங்கள், காசா பணமா, ஐந்து நிமிட வேலை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தங்கிய இரவுகளை எண்ணி அவர்கள் தருகிற கோல்டு, பிளாட்டினம் என்ற உறுப்பினர் படிகளில் ஏறுவதற்காக, மற்றபடி எட்டிக்கூடப் பார்த்திருக்காத ஒரு ஹோட்டலுக்குப் போகலாமா, பக்கத்து ஹோட்டலை விடக் கூடுதலாகக் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் எவ்வளவு வரை? இங்கே சொல்லப்போவது முழுக்க அந்த ஒரு கணக்கைத்தான்.

முதலில் உங்கள் இரவுகளை எண்ணுங்கள்

மின்னஞ்சலைத் திறந்து கடந்த 12 மாத முன்பதிவுகளைத் தேடி, இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று, மொத்தம் எத்தனை இரவு ஹோட்டலில் தூங்கினீர்கள். இன்னொன்று, அதில் எத்தனை இரவுக்கு ஹோட்டலை நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். அலுவலகம் கைகாட்டிய இடம், மாநாட்டுக்காக மொத்தமாக எடுத்த அறை, வேறு வழியில்லாமல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கிய இடம், இதெல்லாம் இரண்டாவது எண்ணில் வராது. முக்கியம் அந்த இரண்டாவது எண்தான், பெரும்பாலானவர்களுக்கு அது நினைத்ததில் பாதிகூட இருக்காது.

இப்போது அதைப் படிகளோடு வைத்துப் பாருங்கள். மேரியட் குழுமத்தின் உறுப்பினர் திட்டமான பான்வாயில் 10 இரவுக்கு சில்வர், 25க்கு கோல்டு, 50க்கு பிளாட்டினம், 75க்கு டைட்டானியம். வேர்ல்டு ஆஃப் ஹயாத்தில் 10, 30, 60 இரவுகளுக்கு டிஸ்கவரிஸ்ட், எக்ஸ்ப்ளோரிஸ்ட், குளோபலிஸ்ட். இன்டர்கான்டினென்டல், ஹாலிடே இன் ஹோட்டல்களின் குழுமமான ஐஹெச்ஜியில் பிளாட்டினத்துக்கு 40, டயமண்டுக்கு 70. ஹில்டன் 2026 முதல் கோல்டை 25 இரவுக்கும் டயமண்டை 50 இரவுக்கும் இறக்கிவிட்டு, அதற்கு மேலே 80 இரவோடு 18,000 டாலர் செலவும் கேட்கிற டயமண்ட் ரிசர்வ் என்று ஒரு புதுப் படி கட்டியிருக்கிறது. கீழே எளிதாகும்போது கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் உச்சியில் இன்னொரு தனி வாசல் முளைக்கும். இது 1983இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் இந்த உறுப்பினர் விளையாட்டை ஆரம்பித்து வைத்த நாளிலிருந்து நடப்பதுதான்.

உங்கள் எண் 15ஐ ஒட்டி நின்றால், இனி வருவதைப் படிப்பது தெரிந்துவைத்துக்கொள்ள மட்டும். இரவுகளைத் துரத்தவே துரத்தாதீர்கள். நேராகக் கீழே "புள்ளித் திட்டமே இல்லாத ஹோட்டல்கள்" என்கிற பகுதிக்குப் போய்விடலாம், உங்களுக்கு லாபம் அங்கேதான்.

அட்டையை மறந்துவிட்டு ஹோட்டலைப் பாருங்கள்

அறையின் பெயரை நம்பாதீர்கள். "டீலக்ஸ்" என்று எழுதியிருப்பதுதான் பல சொகுசு ஹோட்டல்களில் ஆகக் கடைசி அறை. சதுர மீட்டரைப் பாருங்கள், அதுதான் பொய் சொல்லாது. 28 சதுர மீட்டருக்கும் 42 சதுர மீட்டருக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு பெட்டிகளைத் தரையில் விரித்து வைத்துவிட்டுக் குளியலறைக்குத் தாண்டிக் குதிக்காமல் போக முடிகிற வித்தியாசம். அப்புறம் அறைகளைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஜன்னல் எதைப் பார்க்கிறது, போக வேண்டிய இடத்துக்கு நடந்தே போகலாமா என்று பாருங்கள். விருந்தினர்கள் எழுதும் கருத்துகளில் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படித்தால் போதும். அதிலும் நட்சத்திரங்களை எண்ண வேண்டாம். "லிஃப்ட்", "சத்தம்", "வெந்நீர்" என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள்.

விலையைப் பார்க்கும்போது கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். சில நகரங்களில் "டெஸ்டினேஷன் கட்டணம்" என்று இரவுக்கு ஒரு தொகையைத் தனியாகச் சேர்ப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செலவழித்த பணத்துக்குக் குழுமம் தருகிற புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும்போது ஹில்டனும் ஹயாத்தும் இந்தக் கட்டணத்தை வாங்குவதில்லை. ஹயாத் குளோபலிஸ்டுக்குப் பணம் கட்டித் தங்கும்போதும் அது கிடையாது.

இப்படிப் பார்த்து இரண்டு அல்லது மூன்று ஹோட்டல்களை எடுத்து வைத்த பிறகுதான் உறுப்பினர் அட்டையை வெளியே எடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். லவுஞ்சுக்காகவே (மேல்படி உறுப்பினர்களுக்குச் சிற்றுண்டியும் பானமும் தருகிற தனி அறை) ஒரு ஹோட்டலைப் பதிவு செய்து போய் நின்றேன். லவுஞ்ச் வாசலில் "புதுப்பிக்கும் பணி நடக்கிறது" என்று பலகை, கையில் ஒரு காபிக் கூப்பன். அறையோ கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து.

ஒரே அட்டை, வேறு வேறு வாசல்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். குழுமத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்டு சலுகை மாறும். மேரியட் பிளாட்டினம் அட்டையோடு செயின்ட் ரீஜிஸுக்குப் போனால் வரவேற்புப் பரிசாகக் காலை உணவைத் தேர்ந்தெடுக்கலாம். அதே அட்டையோடு ரிட்ஸ்-கார்ல்டனுக்குப் போனால் காலை உணவும் கிடையாது, கிளப் லவுஞ்சும் கிடையாது, அங்கே லவுஞ்ச் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருள். 50 இரவு தங்கிச் சேர்த்த அட்டையை மேசையில் வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு நல்ல தொகை கொடுத்து முட்டை சாப்பிடுகிறவரை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஈயாடவில்லை.

கோல்டு என்ற பெயரும் குழுமத்துக்குக் குழுமம் வேறு. மேரியட் கோல்டுக்குக் காலை உணவு இல்லை. 25 சதவீதம் கூடுதல் புள்ளியும், முடிந்தால் மதியம் 2 மணி வரை அறையும் கிடைக்கும், சொல்லும்படியாக அவ்வளவுதான். ஹில்டன் கோல்டுக்கு அமெரிக்காவுக்கு வெளியே, அதன் சொகுசு பிராண்டுகளான கான்ராடிலும் வால்டார்ஃப் அஸ்டோரியாவிலும்கூட இருவருக்குக் காலை உணவு உண்டு (அமெரிக்காவுக்குள் அதற்குப் பதிலாக உணவுக்கான ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்). அதனால் காலை உணவு ஒன்றுதான் உங்கள் தேவை என்றால் ஹில்டன் கோல்டை விடக் குறைந்த இரவில் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம், அதற்கு மேல் டயமண்டுக்கு ஓட வேண்டிய அவசியமும் எனக்குத் தெரிந்து இல்லை, லவுஞ்சில் மாலைப் பொழுதைக் கழிக்கிற ஆளாக இருந்தாலொழிய.

ஹயாத் குளோபலிஸ்ட் 60 இரவு கேட்கிறது, ஹோட்டல்களும் மற்றவர்களை விடக் குறைவு. ஆனால் கொடுப்பதைக் குறை சொல்ல முடியாது. பார்க் ஹயாத்திலும் முழுக் காலை உணவு, நகரத்து ஹோட்டல்களில் மாலை 4 மணி வரை அறை, காலியாக இருந்தால் சாதாரண சூட் (உட்காரத் தனி இடம் உள்ள பெரிய அறை) வரை அப்கிரேடு. ஐஹெச்ஜியில் லவுஞ்ச் தானாக வராது, 40 இரவு தங்கிய பிறகு வருகிற பரிசுப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இன்டர்கான்டினென்டல் அம்பாசடர் என்று காசு கொடுத்தே வாங்குகிற தனி உறுப்பினர்த் தகுதியும் உண்டு, இரவே எண்ண வேண்டாம், 4 மணி செக்-அவுட் உத்தரவாதம், வார இறுதியில் ஒரு இரவுக்குக் காசு கொடுத்தால் இன்னொரு இரவு இலவசம். ஆண்டுக்கு ஒரு வார இறுதி இன்டர்கான்டினென்டலில் தங்குவது நிச்சயம் என்றால் அதிலேயே போட்ட காசு திரும்பிவிடும். அக்கோர் குழுமம் வேறு மாதிரி, அங்கே புள்ளிக்கு நிலையான மதிப்பு: 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழியும். பரபரப்பு எதுவும் கிடையாது, ஏமாற்றமும் கிடையாது.

சில்வரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹில்டனில் மட்டும், சில்வரிலிருந்தே, புள்ளிகளில் ஐந்து இரவு எடுத்தால் ஐந்தாவது இரவு இலவசம். மேரியட்டில் அதற்கு சில்வர்கூட வேண்டாம், எல்லா உறுப்பினருக்கும் ஐந்துக்கு நான்கு கணக்குதான்.

ஏன் இத்தனை குளறுபடி என்றால், வாசலில் பெயர் எழுதியிருக்கிற குழுமத்துக்கு அந்தக் கட்டடம் பெரும்பாலும் சொந்தம் இல்லை. முதலாளி வேறு ஆள். பெயரை வாடகைக்கு எடுத்தவர், அல்லது குழுமத்தை நிர்வாகம் பார்க்கச் சொன்னவர். சலுகையை அறிவிப்பது குழுமம், உங்கள் தட்டில் விழும் முட்டைக்குக் காசு போவது பெரும்பாலும் முதலாளியின் பையிலிருந்து. கை தாராளமான முதலாளியும் உண்டு, எண்ணி எண்ணிப் போடுகிறவரும் உண்டு. அதனால்தான் ஒரே பிராண்டின் இரண்டு ஹோட்டல்களில் ஒரே அட்டைக்கு இரண்டு விதமான மரியாதை. உத்தரவாதம் என்று எழுத்தில் இருப்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். "இருந்தால் தருவோம்" என்பதைப் பூஜ்யம் என்று வையுங்கள், கிடைத்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

கணக்கைப் போடுவோம்

விதி ஒன்றுதான். ஒரு சலுகைக்கு ஹோட்டல் எழுதியிருக்கிற விலையைப் போடாதீர்கள், அந்தச் சலுகை இல்லாவிட்டால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போயிருக்குமோ அதைப் போடுங்கள். பட்டியலில் காலை உணவு ஆளுக்கு 40 டாலர் என்றிருக்கலாம். இல்லாவிட்டால் நீங்கள் 40 கொடுத்தா சாப்பிட்டிருப்பீர்கள்? வெளியே போய் 12 டாலரில் முடித்திருப்பீர்கள். அப்படியென்றால் அதன் மதிப்பு 12.

ஒரு உதாரணம். ஒரே தெருவில் இரண்டு ஹோட்டல்கள், இரண்டுமே நன்றாக இருக்கின்றன. முதலாவது, நீங்கள் பிளாட்டினமாக இருக்கிற குழுமத்துடையது, இரவுக்கு 320 டாலர். இரண்டாவது, எந்தக் குழுமத்திலும் சேராதது, 260. மூன்று இரவு. வித்தியாசம் 180 டாலர் (வரியை விட்டுவிடுகிறேன்). தம்பதியாகப் போகிறீர்கள், கடைசி நாள் இரவு 8 மணிக்கு விமானம். காலை உணவு, இரண்டு பேர், மூன்று காலை, தலைக்கு 12 என்றால் 72. மாலையில் லவுஞ்சில் குடிப்பது கொறிப்பது, எப்படியும் வெளியே செலவழித்திருக்கக்கூடியது, இரண்டு மாலைக்கு 20. நாலு மணி வரை அறையை வைத்துக்கொண்டு, குளித்துவிட்டுக் கிளம்புகிற வசதிக்கு 30 போடலாம், எனக்கு அது பெறும். புள்ளிகள்: மேரியட் பெரும்பாலான பிராண்டுகளில் டாலருக்கு 10, பிளாட்டினத்துக்கு அதில் பாதி கூடுதல், ஆக 15. 960 டாலருக்கு 14,400 புள்ளி. நான் மேரியட் புள்ளியை அரை சென்டுக்கு மேல் மதிக்க மாட்டேன், அப்படிப் பார்த்தால் 72 டாலர். கூட்டினால் 194. சரி, 180ஐத் தாண்டிவிட்டது, முதல் ஹோட்டல் ஒரு முடி அளவில் ஜெயிக்கிறது.

இப்போது அதே ஹோட்டல், அதே அட்டை, ஆனால் தனியாகப் போகிறீர்கள், கடைசி நாள் விடிகாலை விமானம். காலை உணவு இரண்டே வேளை, 24. லவுஞ்ச் 20 என்றே வைப்போம். லேட் செக்-அவுட் பூஜ்யம். புள்ளி 72. மொத்தம் 116. பக்கத்து ஹோட்டலில் தங்கியிருந்தால் 64 டாலர் மிச்சம்.

பிளாட்டினத்துக்கென்று நிலையான விலை கிடையாது, பயணத்துக்குப் பயணம் மாறுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த 72 டாலர் புள்ளியில் 48 டாலர் சாதாரண உறுப்பினருக்கும் கிடைக்கிறது. ஸ்டேட்டஸால், அதாவது பிளாட்டினம் படியால், வந்தது 24தான். அந்தக் குழுமத்தில் 50 இரவு தங்கிச் சேர்த்த படி இந்தத் தனிப் பயணத்தில் உங்களுக்குக் கொடுத்தது காலை உணவு 24, புள்ளி 24, லவுஞ்ச் 20.

புள்ளியின் மதிப்பைக் கண்டுபிடிப்பதும் இதே மாதிரிதான். நீங்கள் உண்மையிலேயே போகப்போகிற ஒரு நாளுக்கு, அறையின் பணவிலையைப் புள்ளிவிலையால் வகுத்துப் பாருங்கள், ஐந்தாறு ஹோட்டலுக்குச் செய்தால் ஒரு எண் படிந்துவிடும். ஹயாத் புள்ளி, ஒவ்வொன்றாகப் பார்த்தால், மேரியட், ஹில்டன் புள்ளிகளை விட மதிப்பு அதிகம், ஆனால் டாலருக்கு 5தான் தருகிறார்கள், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புள்ளித் திட்டமே இல்லாத ஹோட்டல்கள்

ஃபோர் சீசன்ஸ், ரோஸ்வுட், பெனின்சுலா. நகரத்துச் சொகுசில் முன்வரிசையில் இருக்கிற இவர்களிடம் இரவை எண்ணிப் படியேற்றுகிற திட்டமே கிடையாது. பெனின்சுலாவில் நேரடியாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் காலை 6 மணிக்கு உள்ளே வந்து இரவு 10 மணிக்கு வெளியே போகலாம், முதல் முறை வருகிறவருக்கும் அதே. இதை மற்ற இடத்தில் உச்சப்படி உறுப்பினர்கூட எளிதில் கேட்டு வாங்க முடியாது.

இந்த ஹோட்டல்களுக்குப் பயண முகவர் வழியாகப் போவதுதான் புத்திசாலித்தனம். ஃபோர் சீசன்ஸின் பிரிஃபர்டு பார்ட்னர் பட்டியலில் இருக்கிற முகவரோ, விர்ச்சுவோஸோ என்கிற சொகுசுப் பயண முகவர்களின் வலையில் இருக்கிற முகவரோ பதிவு செய்தால், பொதுவாக ஹோட்டலின் சொந்தத் தளத்தில் இருக்கிற அதே விலைக்கே இருவருக்குக் காலை உணவும், ஹோட்டலுக்குள் செலவழிக்க ஒரு தொகையும், இருந்தால் அப்கிரேடும் சேர்ந்து வரும். முகவருக்குக் கமிஷன் கொடுப்பது ஹோட்டல். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, மேரியட் ஸ்டார்ஸ், ஹயாத் ப்ரீவே என்று அந்தந்தக் குழுமங்களின் முகவர் திட்டங்கள் வழியாகப் பதிவு செய்தால் இந்தச் சலுகைகளோடு புள்ளியும் இரவுக் கணக்கும் சேரும் என்பது. அதாவது ரிட்ஸ்-கார்ல்டனில் பிளாட்டினத்துக்குக் கிடைக்காத காலை உணவு, எந்த ஸ்டேட்டஸும் இல்லாத ஆளுக்கு ஒரு மின்னஞ்சலில் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஏழெட்டு இரவு தங்குகிறவருக்கு இதை விட வேறு எதுவும் வேண்டாம்.

பதிவு செய்யும்போது

மூன்றாம் நபர் பதிவுத் தளங்களில் வாங்கினால் பெரும்பாலும் புள்ளியும் இல்லை, இரவும் ஏறாது, ஸ்டேட்டஸ் சலுகையைக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் ஹோட்டலுக்கு இல்லை. குழுமத்தின் தளத்திலோ செயலியிலோ, உறுப்பினர் எண்ணோடு உள்ளே நுழைந்து பதிவு செய்யுங்கள். ஆனால் வெளித் தளத்தில் நாற்பது ஐம்பது டாலர் குறைவாக இருந்து, உங்களிடம் ஸ்டேட்டஸும் இல்லை என்றால், யோசிக்காமல் அங்கேயே வாங்குங்கள். விசுவாசம் ஒருதலைக் காதலாக இருக்கக் கூடாது.

கிழமையையும் பாருங்கள். அலுவலகப் பகுதியில் இருக்கிற ஹோட்டலில் செவ்வாய், புதன் இரவுகளில் வரிசையில் நிற்கிற பாதிப் பேரும் பிளாட்டினம், டைட்டானியம்தான், அங்கே உங்கள் அட்டைக்கு ஒரு தனி மதிப்பும் இல்லை. அதே இடம் சனிக்கிழமை காலியாகக் கிடக்கும், விலையும் இறங்கியிருக்கும், சூட்டும் சும்மா இருக்கும். சுற்றுலாப் பகுதியில் இது அப்படியே நேரெதிர்.

மேசை முன்னால்

"உங்களை அப்கிரேடு செய்திருக்கிறோம்" என்று புன்னகையோடு சாவி அட்டையை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு போனால் ஏழாவது மாடியில் இருக்க வேண்டிய அதே அறை பதினோராவது மாடியில் இருக்கும். கோபப்படத் தேவையில்லை, ஆனால் மேசையை விட்டு நகர்வதற்கு முன் கேட்கலாம். நான் போகிற வழியில் வண்டியில் இருக்கும்போதே செயலியில் அன்றைக்கு எந்த அறைகள் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன என்று பார்த்துவிடுவேன். "ஜூனியர் சூட் இன்னும் இருப்பதாகக் காட்டுகிறது, அதற்கு வாய்ப்பிருக்கிறதா பாருங்களேன்" என்று ஒரே ஒரு முறை, சிரித்த முகத்தோடு. மூன்றில் ஒரு தடவை கிடைக்கிறது. அட்டையின் பெயரைச் சொல்லி அதட்டுகிறவருக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை. லேட் செக்-அவுட்டையும் அப்போதே சொல்லி எழுத வைத்துவிடுங்கள், கடைசி நாள் காலையில் கேட்டால் அறையைச் சுத்தம் செய்கிறவர்களின் பட்டியல் ஏற்கெனவே போயிருக்கும்.

இரவைத் துரத்துவது

ஒரு டிசம்பர் கடைசியில் அடுத்த படிக்கு நான்கு இரவு குறைந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தக் குழுமத்தின் மலிவான ஹோட்டல் ஒன்றைப் பிடித்து, போய் செக்-இன் செய்துவிட்டு, இரண்டு இரவு தங்கி, மீதி இரண்டு இரவுக்கு வீட்டுக்கே வந்து படுத்தேன். போகவர வாடகை வண்டிச் செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். படி கிடைத்தது. அடுத்த ஆண்டு வேலை மாறி, மொத்தம் மூன்று முறைதான் அந்தக் குழுமத்தில் தங்கினேன், அதில் ஒன்று காலை உணவு எல்லோருக்கும் இலவசமாக இருக்கிற இடம்.

ஸ்டேட்டஸ், சேர்த்த ஆண்டின் மீதிக்கும் அடுத்த ஆண்டு முழுவதற்கும் செல்லும். ஆகையால் கடைசி சில இரவுகளைக் காசு கொடுத்து வாங்குவதா என்று முடிவெடுக்கும்போது, கடந்த ஆண்டின் தாளைப் பார்க்காதீர்கள். வரப்போகிற ஆண்டில் ஏற்கெனவே தேதி குறித்த பயணங்களை எழுதி, மேலே போட்ட கணக்கை ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டுங்கள். அந்தத் தொகைக்குக் கீழே இரவுகள் கிடைத்தால் வாங்கலாம். இன்னொரு குழுமத்தில் ஸ்டேட்டஸ் இருந்தால் அதைக் காட்டி இங்கே சில மாதங்களுக்கு அதே படியைக் கேட்கிற ஸ்டேட்டஸ் மேட்ச் முறையும் அவ்வப்போது திறக்கிறது. நீண்ட பயணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அதைப் போடுங்கள், சும்மா இருக்கிற மாதத்தில் போட்டு வீணாக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கிளம்பும்போது பில்லை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பத்து நாளாகியும் இரவும் புள்ளியும் கணக்கில் ஏறாவிட்டால், தளத்தில் விடுபட்ட தங்கலைச் சேர்க்கக் கேட்கும் படிவத்தில் அந்தப் பில் எண்ணைப் போட்டு அனுப்புங்கள். பில் இல்லாமல் கேட்டால் ஹோட்டலைக் கேள் என்பார்கள், ஹோட்டலோ, குழுமத்தைக் கேள் என்னும்.